ஆறு முட்டைகள், ஏழு பூனைகள்

கடிதம் எழுதும்போது தாளின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட வேண்டும் என்று சாயர்புரத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். அலுவலகத்தில் துளை போட்டுக் கோப்பில் கட்டும்போது எழுத்து அறுபடக் கூடாது என்பதற்காக. நாற்பத்தைந்து வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன். இதிலும் இடம் விட்டிருக்கிறேன். காவல் ஆய்வாளர் அவர்கள் இதைத் தாராளமாகக் கோப்பில் கட்டிக்கொள்ளலாம்.

என் பெயர் எஸ்றா. வயது ஐம்பத்தெட்டு. உப்புக் கம்பெனி ஒன்றில் எழுத்தர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும்போது, கொடுத்தவர் பெயரையும் எடுத்தவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுகிறவனும் நான்தான். அந்தப் பதிவேட்டை வாங்க நீங்கள் வந்திருந்தீர்கள். என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறது என்று சொன்னீர்கள். நான் நன்றி சொன்னேன்.

கடந்த ஜூலை 29ஆம் தேதி தேவகனி டீச்சர் இறந்த வழக்கில், உப்பளத் தொழிலாளி சந்தனச்செல்வியைச் சிறையில் வைத்திருக்கிறீர்கள். அந்த வழக்கில் உங்களுக்குத் தெரியாத சில விவரங்கள் எனக்குத் தெரியும். ஆனால் எதையும் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். இந்த வரிசை பூனைகளிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் உப்பளத்துக்கு மேற்கே ஒரு துண்டு உடைமரக்காடு உண்டு. நாற்பது ஏக்கர் இருக்கும். கிழக்கே பாத்திகள், மேற்கே துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி போகும் சாலை, வடக்கே கிடங்குகளின் மதில், தெற்கே சேறு. அதற்குள் போன உயிர் வெளியே வர வழியில்லை, வெளியே உள்ளது உள்ளே போகவும் வழியில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலை, உப்பு அம்பாரத்துக்கு ஓலை மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, வரப்பின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. உயரமான கால். மணல் நிறம். வாலில் கறுப்பு வளையம், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு மயிர். வீட்டுப் பூனை மனிதனைப் பார்த்தால் நமக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கும். இது என்னை அப்படிப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்பதுபோலப் பார்த்தது. என்னிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். பெயர் வைக்கவில்லை, எண்தான் கொடுத்தேன். பதினொன்று இருந்தன. முதலில் 'வெருகு' என்ற பழைய பெயரை எழுதி மனு அனுப்பினேன். அப்படி ஒரு ஊர் தங்கள் எல்லையில் இல்லை என்று பதில் வந்தது. அடுத்ததில் 'காட்டுப்பூனை' என்று எழுதினேன். அதைத் தெருப் பூனை பிடிக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட, இரண்டு ஆட்கள் வலையோடு வந்துவிட்டார்கள். அவர்களை டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். மொத்தம் அறுபத்தொரு கடிதங்கள். நகல்கள் அனைத்தும் என் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.

அந்த நாளில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் தேவகனி டீச்சர். எங்கள் சபைப் பால்துரையின் மனைவி. தன் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரையும் பூனைக்காக ஆட்சியருக்குத் தபால் அட்டை எழுதவைத்தாள். அட்டைகளை என்னிடம் கொண்டுவந்து, "ஒத்தன் பூனைக்குக் கொம்பு வரஞ்சிருக்கான் சார், அத மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அந்தத் தபால் அட்டைகள்தான் வேலை செய்தன. வனத்துறையிலிருந்து விஜயராஜ் என்று ஒரு வனவர் வந்தார். நல்ல பிள்ளை. முள் கிழித்த சட்டையோடு காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, "இருக்கு சார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் ஆறு வருடம் எழுதியிருந்தேன்.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம். அது உங்களுக்கே தெரியும். தண்ணீர் வடிந்து நான் காட்டுக்குள் போகப் பதினோரு நாள் ஆனது. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

வெள்ளத்தோடு நாய்கள் வந்தன. எங்கெங்கிருந்தோ அடித்து வந்தவை, மேட்டு நிலம் பார்த்துத் தங்கிவிட்டன. கூடவே வீட்டுப் பூனைகளும். மார்ச்சில் நான்காம் எண் பூனை மூன்று குட்டி போட்டது. இரண்டை நாய் எடுத்தது. எடுத்த இடத்தை நான் பார்த்தேன், அதை விவரிக்க வேண்டியதில்லை. மிஞ்சிய ஒரு குட்டிக்கு முன்னங்கால் ஒன்று வெள்ளையாக இருந்தது. காட்டுப்பூனைக்கு வெள்ளைக் கால் கிடையாது. உப்பு ஒட்டியிருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

விஜயராஜிடம் நாய்களைப் பற்றிச் சொன்னேன். அவர் வேறொன்று சொன்னார்.

"நாயவிட வீட்டுப் பூனதான் சார் ஆபத்து. ரெண்டும் சேந்து குட்டி போட ஆரம்பிச்சா, கொஞ்ச நாள்ல அங்கன இருக்கது காட்டுப்பூனயே இல்ல. அப்புறம் மேலிடத்துல எவனும் கையெழுத்துப் போடமாட்டான்."

"எப்படிக் கண்டுபிடிப்பது?"

"முள்ளுல முடி ஒட்டியிருக்கும்லா, எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எங்ககிட்ட அதுக்கு வழி இல்ல. உங்க பேர்லயே அனுப்புங்க, ரிப்போர்ட் வந்ததும் கொண்டாங்க."

அனுப்பினேன். பதினெட்டு உறைகள், ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும். ஆனால் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஏழு என்பது மிகச் சிறிய எண். ஆய்வாளர் அவர்கள் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

முட்டை என்று முடிவு செய்தேன். கடை முட்டை வெள்ளையாக இருக்கும், காக்கை தூரத்திலிருந்தே பார்த்துவிடும். நாட்டு முட்டை மண்ணோடு மண்ணாகத் தெரியாது. அதனால் சந்தனச்செல்வியிடம் வாங்கினேன். அவள் வீடு காட்டின் ஓரத்தில் கடைசி வீடு. நாலைந்து கோழி வைத்திருக்கிறாள்.

"சார்வாள் தனிக்கட்டைக்கு வாரத்துக்கு ஆறு முட்டையா?" என்று கேட்டாள். "பயில்வானாகப் போறியளா?"

சிரித்துவைத்தேன். ஒரு சாம்பல் புள்ளிக் கோழி காலில் சிவப்பு நூலோடு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முட்டையும் இருந்தால் தா என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது உங்க கோயிலுக்கு நேந்து விட்டது சார். கால் புண்ணுக்கு உங்க ஐயர்வாள் வந்து ஜெபம் பண்ணுனாவள்லா, ஆறிப்போச்சு. அது இடுத முட்ட எல்லாம் கோயிலுக்கு. நான் மோந்துகூடப் பாக்க மாட்டேன்."

அவள் எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல, வேதக்காரியே அல்ல, வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனால் உப்பில் நின்று வெடித்த கால் ஆறுமானால் உப்பளத்துக்காரர்கள் எந்தக் கோயிலுக்கும் நேருவார்கள். பண்டிகைக்குப் பண்டிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏலம் முடியும்வரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இதை நான் பதிவேட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தக் கோழியைப் பற்றி அன்று நான் யோசிக்கவில்லை. நான் செய்த முதல் பிழை அது.

முதலில் நல்ல முட்டைகளை வைத்துச் சோதித்தேன். சுற்றிலும் சாம்பல் தூவி, காலையில் தடம் பார்ப்பேன். நாற்பது நாள். பெரும்பாலும் நாய். சில நாள் பூனைத் தடம். சிறிய தடமெல்லாம் வீட்டுப் பூனை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் பெரிய தடமும் இருந்தது. ஈரச் சாம்பலில் தடம் விரியும். அதனால் அவற்றையும் வீட்டுப் பூனைக் கணக்கிலேயே சேர்த்தேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து முட்டைக்குள் மருந்து வைத்தேன். என்ன மருந்து என்பதை நேரில் சொல்கிறேன். துளையை மெழுகால் அடைத்தேன். ஒவ்வொரு முட்டைக்கும் குறிப்பேட்டில் எண் உண்டு.

பதினான்கு நாய்களும் ஒன்பது பூனைகளும் போயின. எல்லாவற்றையும் புதைத்தேன், எதையும் காக்கைக்கு விடவில்லை. ஒரு பூனையின் கழுத்தில் ஊதா ரிப்பன் இருந்தது. அது எந்த வீட்டுப் பூனை என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் தெருவில் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தது. ரிப்பனைத் துவைத்து வைத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. ஜூன் மாதத்துக்குப் பிறகு என் முதலாம் எண் ஆண் பூனையையும் காணவில்லை. ஆண் பூனை வெயில் காலத்தில் அதிகம் வெளியே வராது.

ஜூலை 26, வெள்ளிக்கிழமை. நான்காம் எண் மறுபடியும் சினையாக இருப்பதைப் பார்த்தேன். வயிறு தரையைத் தொடாத குறைதான். அடுத்த வியாழக்கிழமை மாவட்டக் குழு நிலத்தைப் பார்க்க வருவதாக விஜயராஜ் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் கிடங்கு கட்டுவதா, காட்டை விடுவதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். அதற்குள் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்று மாலை மூன்று முட்டை வைத்தேன். குறிப்பேட்டில் 40, 41, 42.

சனிக்கிழமை காலை மூன்றும் இல்லை. சாம்பலில் நாய்த் தடம் இல்லை, பூனைத் தடம் இல்லை. ரப்பர் செருப்புத் தடம் இருந்தது. இடது செருப்பின் குதிங்கால் தேய்ந்த தடம்.

விசாரித்திருக்கலாம். அந்தச் செருப்பு யாருடையது என்று உப்பளத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். எடுத்தவர்கள் உடைத்துப் பார்த்தால் வாடை வரும், கொட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பலைக் காலால் கலைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. ஏலம் விடுகிறவன் பெனிஸ்டன், ஒலிபெருக்கி இல்லாமலே துறைமுகம்வரை கேட்கும் குரல். பொருள்களெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். நான் எண்ணிப் பார்த்து எழுதி அவன் கையில் கொடுப்பேன். வாழைத்தார் போனது, சேவல் போனது, ஒரு சீலா மீன் போனது. பிறகு ஓலைக்கொட்டானில் உமி பரப்பி ஆறு முட்டை வந்தது.

எண்ணுவதற்காக எடுத்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவதை எடுத்தபோது கட்டைவிரலில் மெழுகு தட்டியது.

வாசலைப் பார்த்தேன். சந்தனச்செல்வி முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேர்ச்சைக்கோழி காட்டோரத்தில் போய் முட்டையிட்டிருக்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். தன் கோழிகளின் முட்டையை அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எடுத்திருக்கிறாள். அவை அவளுடைய கோழிகளின் முட்டைகள்தான். அவளிடம் வாங்கித்தான் நான் வைத்தேன். வேறு யாராவது எடுத்திருந்தால் ஆம்லெட் போட உடைத்து, வாடை பார்த்து, வீசியிருப்பார்கள். அவள் மட்டும்தான் உடைக்காமல், மோந்துகூடப் பார்க்காமல், கோயிலுக்குக் கொண்டுவந்திருப்பாள்.

கை தவறியதுபோலக் கீழே போட்டிருக்கலாம். இரண்டு விநாடி வேலை. ஆனால் ஆலயத்தின் வெள்ளைத் தரையில் அது எந்த நிறத்தில் பரவும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டானைப் பெனிஸ்டனிடம் கொடுத்தேன்.

"அசல் நாட்டுக்கோழி முட்ட. சந்தனச்செல்வி அக்கா நேர்ச்ச. கேக்குறவிய கேக்கலாம்."

பால்துரை கேட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்துக்குப் பிறகு தேவகனிக்கு ஏழாம் மாதம். கோயிலில் எடுத்த நாட்டு முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு விழுங்கினால் இடுப்புக்கு வலு என்று எங்கள் பக்கத்தில் கொடுப்பார்கள். அதனால் மற்றவர்கள் கேட்காமல் விட்டுக்கொடுத்தார்கள். நான் கை தூக்கினேன்.

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பால்துரை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். நான் மறுபடியும் கை தூக்கினேன்.

"ஏன் சார்வாள், உங்க வீட்டுல ஆரு புள்ளத்தாச்சி?" என்றான் பெனிஸ்டன்.

"அவரு பூன சினையா இருக்குல்லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். பிரசங்கம் செய்த ஐயர்வாள்கூடச் சிரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து தேவகனி எழுந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "விட்டுக் குடுங்க சார். உங்க பூனைக்கு நான் கருவாடு தாரேன்."

மூன்றாம் முறை கை தூக்கினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நான் பதிவேட்டைக் குனிந்து எழுதினேன். முட்டை ஆறு. கொடுத்தவர் சந்தனச்செல்வி. எடுத்தவர் பால்துரை. அந்தப் பக்கத்தைத்தான் நீங்கள் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனீர்கள். அந்த மூன்று வரியிலும் என் கை நடுங்கவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆலயத்தில் எல்லாருக்கும் போட்ட அசனம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அலமாரியில் மிச்சமிருந்த நல்ல முட்டைகள் ஆறையும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் பால்துரை வீட்டுக்குப் போனேன். அவர் படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்கு அசனச் சோறு கொடுக்கப் போயிருந்தார். தேவகனி மட்டும் இருந்தாள்.

"ஏலத்துல மல்லுக்கு நின்னது பத்தாதுன்னு வீட்டுக்கே வந்துட்டியளா?" என்றாள்.

இது இன்றைய முட்டை, அதைவிடப் புதிது, மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"கோயில்ல எடுத்தத மாத்துனா பலிக்காது சார். நீங்களே எழுதிட்டிய."

"அப்படியானால் இதையும் வைத்துக்கொள்."

"பன்னெண்டு முட்டையும் தின்னா புள்ள கோழியாத்தான் பொறக்கும். இருங்க, காப்பி போடுதேன்."

அடுக்களைக்குப் போனாள். கொட்டான் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. நான் எழுந்தேன். மெழுகு வைத்த முட்டை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல முட்டை ஒன்றை வைத்தேன். இரண்டாவதற்காக விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

"சர்க்கர கூடவா கொறச்சலா சார்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அளவாகப் போடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்பதற்கு இத்தனை நாளில் நான்கைந்து காரணங்கள் எழுதிப் பார்த்தேன். அவள் வந்துவிடுவாள் என்ற பயம் என்று எழுதினேன். அது சரியில்லை, பால் பொங்க இன்னும் நேரம் இருந்தது. உண்மையில் உட்கார்ந்த பிறகு நான் கணக்குப் போட்டேன். ஆறில் மூன்று இருந்தது, இப்போது ஆறில் இரண்டு. அவள் ஒன்று சாப்பிடுவாள். மூன்றில் ஒரு பங்குதான் ஆபத்து. நாக்கில் பட்டதும் துப்பிவிடலாம். ஆஸ்பத்திரி பக்கம். மறுபுறம், நான் முட்டையை மாற்றுவதை அவள் பார்த்துவிட்டால் கேள்வி வரும், கேள்வி வந்தால் காட்டைத் தோண்டுவார்கள், வியாழக்கிழமை குழு வராது, கிடங்கு வந்துவிடும். அந்தப் பக்கம் ஏழு உயிர், சினையோடு சேர்த்தால் பத்து. என் பார்வையில் கணக்கு தெளிவாக இருந்தது.

தேவகனி காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பூனைக்குக் கொம்பு வரைந்த அட்டையைத் தேடி எடுத்துக் காட்டினாள். பிள்ளை பிறந்ததும் காட்டோரத்துக்குத் தூக்கிவந்து பூனை காட்ட வேண்டும் என்றாள். காட்டலாம் என்றேன். காப்பி நன்றாக இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அவள் ஒன்று சாப்பிடவில்லை, இரண்டு சாப்பிட்டாள். தனக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. இதை அடக்கத்தின்போது பால்துரை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எண்ணெயோடு விழுங்கியதால் நாக்கில் படவில்லை. கல்யாணமாகாத எனக்கு இந்த இரண்டு முட்டை வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. திங்கட்கிழமை விடியும்போது இரண்டு பேரும் போய்விட்டார்கள். மரண அறிவிப்பை நான்தான் எழுதினேன். மீதமிருந்த நான்கு முட்டையில் ஒன்றில் மெழுகு இருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

புதன்கிழமை சந்தனச்செல்வியைக் கைது செய்தீர்கள். காட்டோரத்தில் கிடந்தது என்று அவள் சொன்னதற்கு, மெழுகு வைத்து முட்டையிடுகிற கோழியை நான் பார்த்ததில்லை என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் புருஷன் சிவனாண்டி ஜாமீன் மனுவுக்கு விவரம் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

"நேந்து விட்ட முட்டைல எவளாவது வெசம் வைப்பாளா சார்? எங்க சாமின்னாலும் உங்க சாமின்னாலும் பயம் ஒண்ணுதான. நல்லா எழுதுங்க. நீங்க எழுதுனா மேல எடுப்பாவன்னு சொல்லுதாவ."

நன்றாகத்தான் எழுதினேன். இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை. 'முட்டை காட்டோரத்தில் கிடைத்தது என்பது நம்பத்தக்கதே. அந்த இடத்தைப் பார்வையிட வேண்டுகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத்தாளில் நகல் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மனு தள்ளுபடி ஆனது.

அவள் இல்லாததால் அந்தச் சாம்பல் புள்ளிக் கோழிக்கு நான்தான் இரை போடுகிறேன். அது உண்மையாகவே காட்டோரத்தில் போய்த்தான் முட்டையிடுகிறது. உடைமரத்துக்குக் கீழே, நான் சாம்பல் தூவுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி. அவள் நினைத்தது தப்பே இல்லை. முப்பத்தொரு முட்டை சேர்ந்திருக்கிறது. நேர்ச்சை முட்டை என்பதால் என்னால் தூக்கிப் போடவும் முடியவில்லை, கோயிலுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. நான் ஜூலைக்குப் பிறகு நற்கருணை வாங்க முன்னால் போவதில்லை. சளி என்று ஐயர்வாளிடம் சொல்லியிருக்கிறேன். சிவனாண்டி சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவள் காலில் பழைய புண் திரும்பவும் வெடித்திருக்கிறது என்றார். நேர்ச்சை பலிக்காமல் போய்விட்டதோ என்று அவள் அழுதாளாம். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அப்போதே எழுதியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். மாவட்டக் குழு இரண்டு வாரம் தள்ளித்தான் வந்தது. உத்தரவு நவம்பர் 4ஆம் தேதிதான் என் கைக்குக் கிடைத்தது. நாற்பது ஏக்கரிலும் எந்த வேலையும் நடக்கக் கூடாது, முடி மாதிரிகளின் ஆய்வறிக்கை கிடைக்கும்வரை இது அமலில் இருக்கும் என்று போட்டிருக்கிறது. அந்தத் தாளில் தேதி போட்டுக் கோப்பில் கட்டினேன். சந்தனச்செல்வி உள்ளே போய் அன்றைக்குத் தொண்ணூற்றாறு நாள். அன்று மாலையே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

எனவே அவளை விட்டுவிடுங்கள். தேவகனியையும் அந்தப் பிள்ளையையும் கொன்றது நான். ஆலயத்தில் ஒருமுறை, அவள் வீட்டில் ஒருமுறை, என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, தெரிந்தே விட்டேன். குறிப்பேடு, நான் மாற்றி எடுத்துவந்த முட்டை, ரிப்பன் மூன்றும் இத்துடன் உள்ளன. முட்டையைக் கையுறை போட்டு எடுக்கவும். என்னை அழைத்துச்செல்ல வரும்போது காட்டு வழியாக ஜீப்பைக் கொண்டுவர வேண்டாம், நான்காம் எண் குட்டி போட்டிருக்கும். ஆகஸ்டிலிருந்து அவற்றில் ஒன்றையும் நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அவை கூச்சமுள்ள பிராணிகள்.

இத்துடன் இணைக்காத ஒன்று உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆய்வகத்திலிருந்து என் பெயருக்கு அக்டோபர் 14ஆம் தேதி ஒரு பதிவுத் தபால் வந்தது. எனக்கு வரும் எந்தக் கடிதத்தையும் அன்றைக்கே அடிஸ்கேலால் ஓரம் கிழித்துப் பிரித்து, தேதி போட்டு, பதில் எழுதிவிடுவது என் வழக்கம். இது பூனைகளைப் பற்றியது மட்டும்தான், வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. பீரோவின் மேல்தட்டில், வேதப்புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை, தயவுசெய்து நீங்களும் பிரிக்க வேண்டாம். என் பூனைகளைப் பற்றி எனக்குத் தெரியாத எதுவும் அதில் இருக்காது.